முப்பத்தொரு அடி இரண்டு அங்குலம்

மூரியல் ஓல்ட்ராய்ட் அளவைச் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்பே, அளவு நாடாவின் மறுமுனையிலிருந்து கிளிஃபின் குரல் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டது.

"முப்பத்தொண்ணு, ரெண்டு."

துணியை வாயில் வைத்துப் பேசியதுபோல் இருந்தது குரல். அடுத்த கணம் நாடா இரண்டு முறை சுண்டப்பட்டது. இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பதற்கு அவர்களுக்குள் அதுதான் அடையாளம். வளைய முனையைச் சுவரில் பொருத்துவது உதவியாளன் கிளிஃபின் வேலை. இந்த முனையில் நின்று எண்ணைப் படிப்பது அவள் வேலை. அவள் படித்ததை அவன் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே அது அளவுப் புத்தகத்தில் ஏறும். திருப்பிச் சொல்லப்படாத எண் எண்ணே அல்ல. பத்தொன்பது ஆண்டுகளில் இந்த ஒழுங்கு ஒரு நாளும் தவறியதில்லை.

தன்னையறியாமல் சொல்லியிருப்போம் என்று மூரியல் எண்ணிக்கொண்டாள். செப்டம்பரில் அவள் எழுதியிருந்ததும் அதே அளவுதான். நெஞ்சில் காலையிலிருந்து கிடந்த கல் இறங்கியது. பிறகு, வழக்கத்தின் காரணமாக மட்டும், டார்ச்சைச் சாய்த்து நாடாவைப் பார்த்தாள்.

முப்பத்து நான்கு அடி, மூன்று அங்குலம்.

ஆல்டர்ஷா நகரின் மார்க்கெட் தெருவும் நார்த்கேட் தெருவும் செங்கோணத்தில் சந்திக்கவில்லை. கூர்மூக்காக வந்து முட்டுகின்றன. 1868இல் கம்பளி வியாபாரிகள் அந்த மூக்கைச் சீவிவிட்டு, அவ்விடத்தில் இரண்டு செங்கருங்கல் தூண்களுக்கிடையே தங்கள் வங்கிக்கு வாசல் வைத்தார்கள். வாசலுக்கு மேலே சுவரிலிருந்து துருத்தி நிற்கும் ஒரு சிறு கோபுரம். அதற்குக் கற்பலகைக் கூம்புக் கூரை. நடுவில் நெடிய ஒற்றை ஜன்னல். தெருவோர ஜன்னல் ஒவ்வொன்றின் உச்சிக் கல்லிலும் தாடி வைத்த ஒரு முகம். நூறாண்டு ஆலைப்புகையில் முகங்கள் கறுத்துப்போயிருந்தாலும், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. வங்கி போய்க் காப்பீட்டு அலுவலகம் வந்தது, அதுவும் போய்த் துணிக்கடை வந்தது. மூரியல் இப்போது நின்ற அந்த மாடியில் புறாக்களும் ஈரச் சுண்ணாம்பின் வாடையும் மட்டுமே.

கட்டட வரைபடக்காரியான மூரியல் செப்டம்பரில் இந்த மாடியை வரைந்தபோது, வெளியளவுகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ளளவுகளின் கூட்டுத்தொகைக்கும் மூன்றடி ஓரங்குலம் இடித்தது. அந்த மூலை ஜன்னலுக்கோ உள்ளே அறையே இல்லை. மறுபடி அளக்கப் போயிருக்க வேண்டும். அன்று மழை, வரைபடத்தை மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். வரைகலைஞர்கள் அங்குலங்களுக்குச் செய்வதை மூரியல் அடிகளுக்குச் செய்தாள். மிச்சத்தைச் சுவருக்குக் கொடுத்தாள். மூலையைத் திண்ணிய கல்லாகச் சாய்கோடுகளால் நிரப்பினாள், ஜன்னலுக்கு அருகே 'ஒப்புக்கு வைத்தது' என்று நேர்த்தியான எழுத்தில் எழுதினாள், கீழே கையெழுத்திட்டாள்.

வரும் திங்கட்கிழமை அந்த வரைபடத்தை நம்பி ஆறு பேர் அந்த மூலையை உடைத்து அவசர வழிக் கதவு வைக்கப்போகிறார்கள். அது திண்ணிய கல்லாக இல்லாவிட்டால், கோபுரத்தின் பாரம் அவர்கள் தலையில் இறங்கும். "அந்த ஜன்னல் கண்ணாடி மினுங்குதே, பின்னாடி நிஜமா கல்லுதானா?" என்று மேஸ்திரி இன்று காலை தொலைபேசியில் கேட்டார். ஓய்வுக்கு நான்கு ஆண்டுகளே இருந்த மூரியல், ஒரு சிறு சரிபார்ப்பு என்று மட்டும் சொல்லிக் கிளிஃபை அழைத்து வந்திருந்தாள். அவனுக்கு வேறொன்றும் தெரியாது.

"கிளிஃப், பின்சுவர்லதான் வச்சிருக்கியா?"

பதிலாக நாடாவில் இரண்டு சுண்டல்கள்.

நாடா நீண்ட அறையைக் கடந்து, ஒரு மரத்தடுப்பின் வாசலில் நுழைந்து, மூலையை ஒட்டிய காகித அலமாரி அறைக்குள் மறைந்தது. அதன் முடிவை இங்கிருந்து பார்க்க முடியாது. மணி மூன்றரைதான், ஆனால் டிசம்பர் வெளிச்சம் கண்ணாடிகளில் கழுவுநீர்போல் கலங்கி, சாம்பலாகி, அறையின் ஓரங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பொருள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. எதிர்ப்புறத்து மீன்வறுவல் கடையில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்துக்காக மூரியல் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

எதிர் நடைபாதையில் கிளிஃப் அக்ராய்ட் நின்றுகொண்டிருந்தான்.

அவன் தொப்பி. அவன் பழுப்பு மேலங்கி. அண்ணாந்து பார்த்தபடி நின்றான். அவளை அல்ல; மூலை ஜன்னலை. சிரித்தான். பிறகு, யாருக்கோ பதில் சொல்வதுபோல், அந்த ஜன்னலை நோக்கிக் கையசைத்தான்.

அவள் கையில் நாடா விறைப்பாக இருந்தது.

சுண்டல். சுண்டல்.

கத்த வேண்டும் என்று தோன்றியது. நாடாவை விட்டுவிட வேண்டும் என்றும் தோன்றியது. விட்டால் அது உள்ளே இழுபடும். அதைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். படிகளில் காலடி ஓசை ஏறியது; மூச்சு வாங்கியபடி கிளிஃப் வந்து நின்றான்.

"ஏன் அம்மணி, மூஞ்சி வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு?"

"அந்தப் பக்கம் யாரு பிடிச்சிருக்கா?"

"ஆணிதான் பிடிச்சிருக்கு. வளையத்தப் பின்சுவத்து ஆணில மாட்டிட்டு அந்தப் பக்கத்துப் படி வழியா எறங்கிப் போனேன், மேஸ்திரி சொன்ன ஜன்னலப் பாக்க. நீதான் அங்க நின்னு மகாராணி மாதிரி கையாட்டினியே! எப்படி உள்ள போன?"

"நான் இந்த எடத்த விட்டு நகரல கிளிஃப்."

"அப்ப வங்கி மேனேஜரோட ஆவிதான். கடன் கேக்க வந்தேன்னு நெனச்சிருப்பாரு." அவன் தானே சிரித்துக்கொண்டான். "சீக்கிரம் முடி. வெள்ளிக்கிழம, மீன் கடைல வரிசை தெருமுனை வரைக்கும் போயிரும்."

"அங்க போகாத. கெளம்பலாம் வா."

"பத்தொம்பது வருஷமா ஒரு அங்குலத்துக்கு என்னைய ஏணில ஏத்தி எறக்குனவ நீ. இன்னிக்கி மட்டும் என்னவாம்?"

போய்விட்டான். அவனுடைய டார்ச் வெளிச்சம் தடுப்பின் வாசலில் மஞ்சளாகத் தெரிந்தது. பிறகு, அந்த அறையின் ஆழத்துக்குத் தெரியக்கூடிய அளவைவிடச் சிறியதாகத் தெரிந்தது.

"மூரியல்! ஆணியக் காணோம். சுவத்தையே காணோம்." வியப்புத்தான் அந்தக் குரலில், பயம் இல்லை. "உள்ள ஒரு ரூம் இருக்கு. ஜன்னல், கம்பளம், எல்லாம். ஒரு நாற்காலி... அட, சூடா இருக்கே. யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி."

"வெளிய வா."

"இரு. வளையம் கெடச்சிருச்சு. கடைசிச் சுவத்துல வச்சிட்டேன். அளவச் சொல்லு."

சுண்டல். சுண்டல். அவனுடையவை, அவளுக்குத் தெரியும்.

அவள் நாடாவைப் பார்த்தாள். முப்பத்து நான்கு, மூன்று. அதைச் சொன்னால் அவன் திருப்பிச் சொல்வான், புத்தகத்தில் ஏறும், திங்கட்கிழமை ஆறு பேரும் வீடு திரும்புவார்கள், அவளுடைய கையெழுத்து பொய்யென்றாகும். சொல்லத்தான் வேண்டும். சொல்லவே வாயைத் திறந்தாள்.

"முப்பத்தொண்ணு, ரெண்டு," என்றாள்.

"முப்பத்தொண்ணு, ரெண்டு," என்றான் கிளிஃப்.

மஞ்சள் வெளிச்சம் இல்லை.

ஓசை ஏதும் எழவில்லை. புத்தகத்தை மூடியதுபோல் ஒரு காற்று மட்டும் அவள் முகத்தில் பட்டது. ஈரச் சுண்ணாம்பு. அன்றுதான் பூசிய சுண்ணாம்பின் வாடை.

நாடாவைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி நடந்தாள். விரல்களுக்கடியில் எண்கள் குறைந்தன. இருபது. பன்னிரண்டு. தடுப்பு வாசல். ஏழு. அலமாரித் தட்டுகள். ஐந்து. நான்கு.

சுவர்.

அவள் வரைந்த இடத்தில் இருந்தது. பழைய பூச்சு, பழைய பச்சை வண்ணம். மேலே துருப்பிடித்த ஆணி. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அதைச் சுற்றிய சிலந்தி வலை அறுபடவில்லை. ஆணிக்கு ஒரு சாண் கீழே, விரிசலோ துளையோ இல்லாத பூச்சுக்குள் நாடா நுழைந்திருந்தது. மண்ணில் நட்ட தண்டுபோல். சுவரின் முகத்தில் அது காட்டிய அளவைப் படித்தாள்.

மூன்றடி ஓரங்குலம்.

"கிளிஃப்."

காதைச் சுவரில் வைத்தாள். குளிர்ச்சி. கல்லின் குளிர்ச்சி. திண்ணிய கல்.

"முப்பத்தி நாலு, மூணு!" என்று கத்தினாள். "முப்பத்தி நாலு, மூணு! நான்தான் தப்பா வரைஞ்சேன், கிளிஃப்! திருப்பிச் சொல்லு! திருப்பிச் சொல்லு!"

காத்திருந்தாள். கீழே தெருவில் ஒரு பேருந்து போயிற்று. மீன் கடை வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பிறகு சுவருக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. முதலில், அவள் வாயைத் திறப்பதற்கு முன் கேட்ட அதே குரல். துணியை வாயில் வைத்ததுபோல்.

"முப்பத்தொண்ணு, ரெண்டு."

அதைச் சரிபார்ப்பதுபோல், சற்று உள்ளே தள்ளி, கிளிஃபின் குரல் பொறுமையாகத் திருப்பிச் சொன்னது.

"முப்பத்தொண்ணு, ரெண்டு."

நாடா அவள் கையில் இரண்டு முறை சுண்டியது. ஓர் இடைவெளி. மீண்டும் இரண்டு முறை, வேறொரு கையால்.