பாலத்துக் காவல்

செவ்வாய்க்கிழமை காலை, ரங்கூன் தின்கன்ஜூனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மக்தலேனாவுக்கு எரிச்சல். சனிக்கிழமை மெட்ராஸ் கப்பல். வெளியேறும் அனுமதிக்கு எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டது, ஒன்றைத் தவிர. மிஷன் ஆபீஸ் டைப்பிஸ்ட் வேலையிலிருந்து அவளை விடுவிக்கும் கடிதம். அது பாக்கியசாமி பாதரின் மேஜைக்குள் கிடந்தது.

"செத்துப்போன பிரதர் டெக்லனோட தாளுக்கெல்லாம் லிஸ்ட் அடிச்சுக் குடுத்துட்டுக் கடிதத்தை வாங்கிக்கோம்மா. மூணு பிரதி. லிஸ்ட் இல்லாம தணிக்கை ஆபீஸ்ல ஒரு துண்டுத்தாளைக்கூட விடமாட்டான். அயர்லாந்துல அவரு தங்கச்சி காத்திருக்கா," என்றார் பாதர்.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அனுமதி வாங்கணும் சாமி. என் வீட்டுக்காரருக்கு இங்க வேலையும் இல்ல, இருக்கவும் விடமாட்டாங்க."

"செத்தவரு அவசரப்படல. நீதான் பறக்கிற. ஒரு நாள் வேலை."

மிஷன் வீட்டின் மாடியில் பிரதரின் அறை. கட்டிலின் மெத்தையை உருவிப் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே விடாத மழை. உள்ளே நனைந்த கம்பளித் துணியின் வாடை. ரங்கூனில் யார் கம்பளி உடுத்துகிறார்கள்?

பிரதரின் பெட்டியில் இருந்தவை ஜெபப் புத்தகங்கள் அல்ல. பிரதர் துறவியாவதற்கு முன் அயர்லாந்துப் பட்டாளத்தில் லெப்டினன்டாக இருந்தவர். 1940ஆம் வருஷத்துக் காகிதங்கள். யுத்தத்தில் சேராத சின்ன நாடு. ஜெர்மன்காரன் தெற்கே கடல் வழியாக இறங்கலாம். பிரிட்டிஷ்காரன் வடக்கே எல்லையைத் தாண்டலாம். அதனால் பாதுகாப்புத் திட்டமும் இரண்டு. பாதிப் படை தெற்கே பார்க்க, பாதி வடக்கே பார்க்க. எவன் வந்தாலும் பாலங்களைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். டெக்லனுக்கு ஒரு பாலம். வெடிமருந்து வைத்தாயிற்று. உத்தரவு வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது.

வாசிக்கையில் அவளுக்குள் எதுவோ இடறியது. பிறந்த ரங்கூன் வெளியே போகச் சொல்கிறது. கண்ணால் பார்க்காத மெட்ராஸ் கூப்பிடவில்லை. எந்தப் பக்கம் முகத்தை வைப்பது என்று அவளும்தான் இரண்டு வருஷமாக நிற்கிறாள்.

மூன்று தாள்களுக்கு நடுவே இரண்டு கார்பன் வைத்து அடித்தாள். சாயங்காலம் பிரித்துப் பார்த்தாள். மேல் தாள் சுத்தமாக இருந்தது. கார்பன் பிரதிகள் இரண்டிலும், கடைசியில், அவள் அடிக்காத ஒரு வரி.

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள்?

பழைய கார்பன், முன்பு அடித்தது ஒட்டியிருக்கும் என்று திட்டிக்கொண்டே எறிந்தாள். புதன்கிழமை புதுக் கார்பன். பதினோரு பக்கத்தையும் மறுபடி அடித்தாள்.

உத்தரவு வந்ததா?

வியாழக்கிழமை மூன்றாம் தடவை. விரல் நுனிகள் வலித்தன. இப்படிக் கிறுக்கிய பிரதியைத் தணிக்கை ஆபீஸ் வாங்காது. அது போகாமல் கடிதம் கிடைக்காது. கார்பனை உருவினாள்.

எவ்வளவு நேரம் நிற்பது?

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். இருபத்துநாலு வருஷமாக ஒருத்தரும் வராத பாலத்துக்கு இவள் ஏன் ஊர் போகாமல் நிற்க வேண்டும்?

கார்பனோடு புதுத் தாள் சொருகினாள். பட்டாள உத்தரவுகளின் நடையை மூன்று நாளில் மனப்பாடம் செய்திருந்தாள். அப்படியே அடித்தாள். "லெப்டினன்ட் டெக்லனுக்கு. உங்கள் காவல் முடிந்தது. உடனே பாலத்தை விட்டு விலகவும்." ஆபீஸ் பழக்கத்தில் விரல்கள் தாமாகக் கீழே தன் பெயரையும் அடித்தன.

மழை நின்றது.

நடையில் பூட்ஸ் சத்தம். படியிறங்கியது. ஈரத் தரையில் தேய்ந்து மறைந்தது.

மக்தலேனா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சிரிப்புக்கூட வந்தது. லிஸ்டை நாலாவது தடவை அடித்தாள். மூன்று பிரதியும் பளிச்சென்று வந்தன. பாதர் கடிதத்தைக் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் புருஷன் சூசைராஜ் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவை வாசலில் நிறுத்திவைத்துக் காத்திருந்தான். முந்தின நாள் மாடியில் மறந்த கைப்பையை எடுக்க அவள் ஏறினாள். அந்த உத்தரவின் கார்பன் பிரதி மேஜையில் தனியாகக் கிடந்தது. கிழித்துப் போடலாம் என்று எடுத்தாள்.

அவள் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன.

காவல் மாற்றப்பட்டது.

பாலத்தை மேலே பெயருள்ள அதிகாரியிடம் ஒப்படைத்தேன்.

காவல்காரன் சும்மா இறங்கிப் போவதில்லை, ஆள் மாற்றித்தான் போவான். அவள் அடித்த லிஸ்டிலேயே அந்த விதித் தாளும் இருந்தது, ஏழாவது பக்கத்தில். நாலு தடவை அடித்திருக்கிறாள்.

"மகி, மணி பத்தாச்சு," கீழிருந்து சூசைராஜ். "சைக்காக்காரன் முணுமுணுக்கிறான். பொட்டு வச்சு முடிக்கிறதுக்குள்ள கப்பல் மெட்ராஸ் போயிரும்போல."

வந்துட்டேங்க என்றுதான் சொல்ல நினைத்தாள்.

கால் எழவில்லை.

பார்வை ஜன்னலைத் தாண்டி வடக்கே போனது. பிறகு தெற்கே. பிறகு வடக்கே. அவள் சேலையிலிருந்தே நனைந்த கம்பளி வாடை கிளம்பியது.

"மகி?"

"நீங்க முன்னால போங்க," என்றது அவள் வாய், அமைதியாக. "என்னை மாத்த ஆள் வரட்டும்."