ஓவனுக்குப் போகாத போர்டு

செத்தவனின் கைப்பேசி அடித்தது.

அடித்து ஓய்ந்தது... மறுபடியும் அடித்தது.

ஷர்வின் உடனே எடுக்கவில்லை. திரையில் 'லோகேஸ்' என்று மின்னியது. மோகனராஜின் மனைவி லோகேஸ்வரி. கணவன் சாப்பிட்டானா என்று கேட்கக் கூப்பிடுகிறாள்.

கணவன் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தான். வலது கையில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன். மணிக்கட்டில் இரண்டு கருகிய புள்ளிகள்.

ஷர்வின் தொண்டையைச் செருமிக்கொண்டான். கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்தான். அதன் பிறகுதான் எடுத்தான்.

"அண்ணி... அண்ணனுக்கு கரெண்ட் அடிச்சிருச்சு அண்ணி..."

மறுமுனையில் ஓர் அலறல்!

அழுகை அவனுக்கு நன்றாகவே வந்தது. விற்பனைப் பிரிவு ஆசாமி. எந்த நேரத்தில் எந்தக் குரல் என்பது அத்துப்படி.

பினாங்கின் ஜெலுத்தோங்கில், மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது இருவரும் கூட்டாக நடத்திய கடை. ஒரே அறை. வீட்டு ஆட்டோகேட்டுகளைத் திறந்து மூட வைக்கும் சர்க்யூட் போர்டுகள் அங்கேதான் பிறந்தன. செய்தவன் மோகனராஜ். விற்றவன் ஷர்வின். ஒப்பந்தப்படி, கூட்டாளிகளில் ஒருவர் செத்துப்போனால் கடை மற்றவருக்கு.

"எங்க போர்டெல்லாம் ஜெர்மன் மெஷின்ல ஓடுது பாஸ்!" என்று ஷர்வின் வாடிக்கையாளர்களிடம் அளப்பான். யாரையும் மாடிப்படி ஏற விடமாட்டான்.

ஏனென்றால் அந்த ஜெர்மன் மெஷின், பேரங்காடியின் மலிவு விற்பனையில் வாங்கிய ரொட்டி சுடும் ஓவன்! அதோடு ஒரு பூதக்கண்ணாடி, ஓர் இடுக்கி, ஒரு சின்ன சால்டரிங் அயர்ன். தொழிற்சாலை மொத்தமும் அவ்வளவுதான்.

போன வாரம்தான் மோகனராஜ் அந்தப் பேச்சை எடுத்தான்.

"தம்பி, நம்ம வேலைய அப்படியே வீடியோ எடுத்து சும்மா போடப் போறேன். யாரு வேணும்னாலும் வீட்டுல செஞ்சுக்கட்டும்லா."

"அண்ணே, கஸ்டமருங்க பாத்தா நம்ம பொழப்பு நாறிப் போயிரும்."

"பொய் சொன்னது நீ. நாறுனா உன் பொழப்புதான் நாறும். எனக்கென்ன?"

மோகனராஜ் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஷர்வினுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அவன் நிலைமை ரொம்பத் தெளிவு. விபத்து என்று போலீஸ் நம்பினால் கடையும் ஜெர்மன் மெஷினும் அவனுக்கு. நம்பாவிட்டால்... கழுத்துக்குக் கயிறு!

இன்ஸ்பெக்டர் அஃப்ரீன் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். பின்னால் கார்ப்பரல் பஷீர், கையில் கேமராவோடு.

"நீங்கதான் கூட்டாளியா?"

"ஆமா மேடம். ஷர்வின்."

"என்ன நடந்துச்சு?"

"கீழ கோப்பி குடிச்சிட்டு மேல வந்தேன் மேடம். அண்ணன் இந்த போர்ட சால்டர் பண்ணிட்டிருந்தாரு. 'வாடா தம்பி'ன்னாரு. நல்லாத்தான் பேசுனாரு. திடீர்னு உடம்பு தூக்கிப் போட்டுச்சு... அப்படியே சாஞ்சிட்டாரு."

"அயர்ன்ல கரெண்ட் லீக்கா?"

"பின்ன? எல்லாம் மலிவு சாமான் மேடம். நல்ல அயர்னா வாங்குங்கண்ணேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

மூக்கை உறிஞ்சினான். பஷீர் பரிதாபப்பட்டுத் தோளில் தட்டிக் கொடுத்தார்.

அஃப்ரீன் மேசையைக் குனிந்து பார்த்தாள். தட்டில் ஒரு பச்சை போர்டு. அதன் மேல் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டியாய்ப் பசை. பசை மேல் எள்ளளவு பாகங்கள் வரிசையாய் உட்கார்ந்திருந்தன.

"இது என்ன பசை?"

"சால்டர் பேஸ்ட் மேடம். ஈயம் கலந்தது. சூடு பட்டா உருகி ஒட்டிக்கும்."

அவள் இடுக்கியை எடுத்து ஒரு பாகத்தை லேசாகத் தொட்டாள். அது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

"ஒண்ணுகூட ஒட்டலையே?"

ஷர்வின் போர்டை எட்டிப் பார்த்தான்.

"அது... இப்பதான் ஆரம்பிச்சாரு மேடம். அயர்ன வெச்சு ஒவ்வொண்ணா சூடு காட்டுவாரு."

"ஓ."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சடலம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அயர்னும் போர்டும் மேசையடியில் இருந்த சாமான்களும் உறைகளில் ஏறின.

அப்பாடா!

அன்றைக்குச் சாயங்காலமே பயல் பெயர்ப்பலகைக் கடைக்குப் போய்விட்டான். தன் பெயரைத் தனியாகப் போட்டால் எப்படியிருக்கும் என்று பார்க்கத்தான். துக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு மாறுதல் வேண்டாமா?

மறுநாள் அஃப்ரீன் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பலாய் வரைக்கும் வந்துட்டுப் போங்க ஷர்வின். சின்ன விஷயம்தான்."

போலீஸ் நிலையத்தில் நாற்காலி கொடுத்தார்கள். தேத்தண்ணி கூடக் கொடுத்தார்கள். அஃப்ரீன் தன் கைப்பேசியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

திரையில் மோகனராஜ்! உயிரோடு சிரித்தான்.

"வணக்கம் மக்களே. பெரிய மெஷின் இல்லாம வீட்டுலயே போர்டு செய்யலாம், வாங்க. மொதல்ல போர்டு மேல ஓட்டை போட்ட தகட்ட வெச்சு பேஸ்ட்ட தேய்ங்க. அப்புறம் இடுக்கியால பார்ட்ஸ எடுத்து அது மேல வைங்க. பொறுமையா. தும்மல் வந்தா தள்ளிப் போய்த் தும்முங்க, இல்லன்னா மறுபடியும் மொதல்லேருந்து..."

ஷர்வின் தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

"...அடுத்தது நேரா ஓவன்தான். இந்த நேரத்துல அயர்ன எடுத்தீங்கன்னா அவ்வளவுதான், பார்ட்ஸெல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிரும். ஓவன்லேருந்து வந்த பின்னாடி, எங்கயாச்சும் சரியா ஒட்டலன்னா மட்டும் அயர்ன தொடுங்க. முக்கியமா, இந்த ஓவன்ல இனிமே ரொட்டி சுட்டுறாதீங்க. ஈயம் வயித்துக்கு ஆகாது."

அஃப்ரீன் நிறுத்தினாள்.

"இது... எப்ப வந்துச்சு மேடம்?" என்றான் ஷர்வின்.

"நேத்து காலையில போட்டிருக்காரு. நெறைய பேரு பாத்துட்டாங்க. ஆட்டோகேட் கடைக்காரங்க கூட கீழ எழுதியிருக்காங்க. 'இதான் ஜெர்மன் மெஷினா'ன்னு ஒருத்தர் கேக்குறாரு."

எதைத் தடுக்க நினைத்தானோ, அது அவனுக்கு முன்னாலேயே பினாங்கு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. ஐயோ பாவம்!

"நேத்து அவர் தட்டுல இருந்த போர்டு ஓவனுக்கே போகல. அதுக்குள்ள கையில எதுக்கு அயர்ன்?"

"சில நேரம் அப்படியும் செய்வாரு மேடம். அவசரம்னா..."

"சரி, அவசரம்னே வெச்சுக்குவோம். பஷீர், அத எடுங்க."

பஷீர் உறையைக் கவிழ்த்தார். அயர்ன் விழுந்தது. அதன் வயர் விழுந்தது. வயரின் மறுமுனையில் ஒரு பவர் பேங்க் தொங்கியது.

"மேசைக்கு அடியில ரப்பர் பேண்ட் போட்டு கட்டியிருந்துச்சு தம்பி," என்றார் பஷீர். "என் மக ஹேண்ட்போனுக்குச் சார்ஜ் போடுறதும் இதே மாதிரிதான்."

"இந்த அயர்ன் செவுத்து கரெண்ட்ல ஓடல ஷர்வின்," அஃப்ரீன் நிதானமாகச் சொன்னாள். "இதத் தொட்டா சூடு படும், கொப்புளம் வரும். ஆள் சாக மாட்டான். இத்தன வருசமா பக்கத்துலயே இருந்திருக்கீங்க. இது எதுல ஓடுதுன்னு தெரியாதா?"

ஷர்வின் நெற்றியைத் துடைத்தான்.

"நான் சேல்ஸ் மேடம்."

பஷீருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப அந்தக் கை கருகுனது எதனால?"

ஷர்வின் பவர் பேங்கையே பார்த்தான்.

"ஷர்வின்... அண்ணின்னு கூப்பிட்டீங்களே, அந்தப் பொம்பள நேத்துலேருந்து பச்சத்தண்ணி கூட குடிக்கல. இப்பவாச்சும் சொல்லுங்க."

அவன் உடைந்துபோனான். இந்த முறை கண்ணைக் கசக்க வேண்டியிருக்கவில்லை.

"நான்தான் மேடம்... பழைய எக்ஸ்டென்ஷன் வயர அறுத்தேன். கையில வெச்சு சுவிட்ச தட்டுனேன். அப்புறம் பக்கத்துல கெடந்த அயர்ன எடுத்து விரலுக்குள்ள சொருகுனேன்."

"அவரு தடுக்கலையா?"

"எப்படி தடுப்பாரு? சாப்பிட்டா மேசையிலயே தலைய வெச்சு தூங்கிருவாரு. நேத்தும் அப்படித்தான் கெடந்தாரு. நான் படியேறி வந்தது கூட தெரியல. கூப்பிட்டேன், அசையல. நல்ல தூக்கம்னு நெனச்சேன்."

"'வாடா தம்பி'ன்னு கூப்பிட்டாருன்னு சொன்னீங்களே?"

"பொய் மேடம். எல்லாமே பொய்."

வாக்குமூலம் எழுதப்பட்டது. ஷர்வின் கையெழுத்துப் போட்டான். பேனாவை வைக்கவில்லை, அதற்குள் மேசைத் தொலைபேசி அலறியது!

அஃப்ரீன் எடுத்தாள்.

"சொல்லுங்க டாக்டர்... என்ன?... நிச்சயமா?"

அவள் முகம் மாறியது. ரிசீவரை வைத்துவிட்டு ஷர்வினை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"பிரேதப் பரிசோதனை முடிஞ்சிருச்சு."

"தெரியும் மேடம். கரெண்ட் ஷாக்குன்னு வந்திருக்கும்."

"இல்ல. மாரடைப்பு."

"மேடம்?"

"சாப்பிட்டு உக்காந்தவரு, உக்காந்த மேனிக்கே போயிட்டாரு. கையில இருக்குற கருகல் உயிர் போன பின்னாடி வந்ததாம். டாக்டர் அடிச்சுச் சொல்றாரு. நீங்க தூக்கம்னு நெனச்சது தூக்கம் இல்ல ஷர்வின். நீங்க படியேறும்போதே அவரு இல்ல."

ஷர்வின் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அப்ப... நான் கொல்லலையா?"

"கொல்லல. ஆனா கொல்லணும்னு வந்தீங்க. செத்தவரு உடம்புல வயர வெச்சீங்க, தடயத்த மாத்துனீங்க, போலீஸ்ல பொய் சொன்னீங்க. அதெல்லாம் இப்ப உங்க கையெழுத்தோட எங்கிட்ட இருக்கு. கயிறு இல்ல. கம்பி இருக்கு."

"நான் ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தா...?"

"ஆம்புலன்ஸ கூப்பிட்டிருப்பீங்க. அழுதிருப்பீங்க. கட இந்நேரம் உங்களோடது."

ஷர்வின் தலையில் அடித்துக்கொண்டான். இன்னொரு முறை அடிக்க நேரம் கொடுக்காமல் பஷீர் அவன் கையைப் பிடித்து விலங்கை மாட்டினார்.

"அந்த மனுசன் கடைசி வரைக்கும் உனக்கு ஒரு செலவும் வைக்கல தம்பி," என்றார் பஷீர். "நீதான் அவசரப்பட்டு கரெண்ட் பில்ல ஏத்திட்ட."