பூட்டிய சக்கரம்

“பூட்டுப் போட்ட பொறகும் சக்கரம் சுத்துதுங்கறீங்க. கண்ணுல பாத்தீங்களா, சத்தந்தான் கேட்டீங்களா?”

மெசின் ரிப்பேருக்கு வந்த வேல்குமார் போன வாரம் இப்படிக் கேட்டான். சத்தம்தான் என்று லேப் டெக்னீசியன் அனுசுயா சொன்னதும் சிரித்துவிட்டான். “பக்கத்துலயே நிட்டிங் கம்பெனி ஓடுது. நல்லூர்ல எந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு ஆருங்க கண்டா?”

இன்று நிட்டிங் ஓடவில்லை. ஆயுத பூசை. வருடம் முழுக்கச் சுவர் வழியே உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்த அதிர்வு நின்றுபோய், மதிய வெயிலில் தெருவே காதடைத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து லேபில் அவள் மட்டும் இருந்தாள். பொரி வாசனை, ஊதுபத்தி வாசனை, அதற்கடியில் என்றும் போகாத ஃபார்மலின் நெடி. கிரையோ மெசினின் கண்ணாடியில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

மனிதச் சதையை மைனஸ் இருபதில் உறைய வைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவும் மெசின் அது. பக்கவாட்டுக் கைச்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு சீவல். நோயாளி ஆபரேஷன் மேசையில் மயங்கிக் கிடக்கும்போதே அந்தச் சீவலைப் பார்த்து, புற்றா இல்லையா என்று டாக்டர் சொல்லிவிடுவார். நாளைக் காலை அந்த மேசையில் கிடக்கப்போவது அவளுடைய அம்மா கருத்தம்மா. அம்மாவை விட்டால் இந்த ஊரில் அவளுக்கு யாருமில்லை. எந்த ஊரிலும் இல்லை.

“ஏட்டி, ஒன் மெசினு என்னய ஒழுங்கா வெட்டுமா?” என்று காலையில் மாடி வார்டில் அம்மா கேலி செய்தாள். அனுசுயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் இரண்டு முறை அது பாதியில் சூடேறி, சதை கூழாகி, முடிவு சொல்ல முடியாமல் போயிருந்தது.

இன்று காலை பூசைக்கு முன்னால் கம்ப்ரசரை மாற்றிய வேல்குமார், ஒரு டப்பாவில் கோழி ஈரல் வைத்துவிட்டுப் போயிருந்தான். “நாளைக்கு வெடிய இதை ஒருக்காச் சீவிப் பாருங்க. இன்னிக்கு வேண்டாமுங்க, பூசை போட்டாச்சு. டெம்பரேச்சர் மட்டும் எழுதி வைங்க.”

மைனஸ் இருபது. ஒரு மணி நேரம் கழித்து மைனஸ் பத்தொன்பது. அப்புறம் பதினேழு.

அவளால் பொறுக்க முடியவில்லை. ஈரலை உறைய வைத்துப் பொருத்தினாள். பூட்டை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றினாள். சர்ரக். வெங்காயத் தோல்போல் ஒரு சீவல் பிளேடில் விழுந்தது. நன்றாகத்தான் வெட்டுகிறது. நிம்மதியில், தட்டிலிருந்து கைக்கு வந்த கண்ணாடித் துண்டை எடுத்துச் சீவலை அதில் ஒட்டினாள்.

பிறகுதான் ஓரத்தைப் பார்த்தாள். கருத்தம்மா, 52, இடது மார்பு.

நாளைக்கென்று நேற்றே அவள் எழுதி வைத்தது.

ஈரலைக் கழற்றிக் குப்பையில் எறிந்தாள். சக்கரத்தைப் பூட்டினாள். கண்ணாடியை ஸ்பிரிட்டில் தேய்த்தாள். சீவல் போனது. பெயர் போகவில்லை. ஸ்பிரிட்டில் அழியாது என்றுதான் லேபில் பென்சிலால் எழுதுவார்கள். இன்னும் தேய்த்தாள்.

சர்ரக்.

இந்த முறை கண்ணால் பார்த்தாள். பூட்டு போட்டபடியே இருந்தது. சக்கரம் சுற்றியது. காலியாக இருந்த இடத்தில் ஏதோ வெளிறிய சதை. அவள் வைக்காதது. இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தாள். அது அவள் கைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றியது. பிளக்கைப் பிடுங்கினாள். எண்கள் அணைந்தன.

சர்ரக்.

படியில் வெறுங்கால் சத்தம்.

அம்மா வாசலில் நின்றாள். நாளை காலையில்தான் கொடுக்க வேண்டிய பச்சை அங்கி, இன்றே உடம்பில். கை இடது மார்பை அழுத்தியிருந்தது. விரல்களுக்கிடையே வெள்ளையாகக் குளிர்ப்புகை.

“யம்மா... எதுக்குக் கீழ வந்த?”

அம்மா அவளைப் பார்க்கவில்லை. மெசினையே பார்த்தாள்.

சர்ரக். அம்மா லேசாகக் குலுங்கினாள்.

சர்ரக். பின்னாலிருந்த வெயில் அம்மாவின் வழியாக உள்ளே வந்தது. இளஞ்சிவப்பாக. நரம்பு நரம்பாக.

சர்ரக்.

அம்மா திரும்பினாள். பக்கவாட்டில், சீவலின் விளிம்புபோல், ஒரு கோடுதான் தெரிந்தது. அந்தக் கோடு படியேறிப் போனது.