கதிரேசனின் ஐம்பத்திரண்டு நொடி

காலை ஆறு மணிக்கு வீடு சன்னாசியை எழுப்பி, நேற்று அவர் தேவைக்கு மேல் நானூறு மூச்சு விட்டிருப்பதாகச் சொன்னது. நிலாச் சுரங்கக் குடியிருப்பில் இது தினப்படிச் செய்திதான். அவர் கொட்டாவி விட்டார். அதையும் வீடு குறித்துக்கொண்டது.

“எழவு விழுந்த வீட்டுல பெருமூச்சு விடாம வேற என்னத்த விடுவாங்க?” என்றார்.

“இந்த வீட்டில் இறப்பு எதுவும் பதிவாகவில்லை,” என்றது வீடு, அன்பாக.

வீடு பொய் சொல்லாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஏழாம் குழியில் காற்று நின்று பதினோரு பேர் செத்தார்கள். நிலவின் மறுபக்கச் சுரங்கத்துக்குப் பணிமாற்றம் என்று நிர்வாகம் பதிவு செய்துகொண்டது. அந்தப் பதினோரு பேரில் ஒருவன் சன்னாசியின் மகன் கதிரேசன். கதவை உடைத்துப் போனவர்களில் சன்னாசியும் ஒருவர். மகனின் தலைக்கவசத்திலிருந்து நகக்கண் அளவு ஒலிச்சில்லைப் பிடுங்கி, நாக்குக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். வரும் திங்கட்கிழமை ஏழாம் குழியை மறுபடி திறக்கப் போகிறார்கள். அதே குழாய், அதே வால்வு.

மகள் பூங்கோதைக்குத் தூக்கமே போய்விட்டது. அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஒலிப் பொறியியலில் முதல் வகுப்பு. அதற்கு நிர்வாகம் கொடுத்த வேலை, மின்தூக்கிக் கதவு மூடும்போது வரும் ‘டிங்’ ஓசையை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது. படித்தவளுக்குப் பாறை உடைக்கும் வேலை தரவில்லையே என்று தெருவே பொறாமைப்பட்டது. அவளுக்கு அந்த ‘டிங்’கைக் கேட்கும்போதெல்லாம் யாரையாவது அறையத் தோன்றும்.

சில்லை வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தாள். வீட்டையே ஆளும் அமைப்பு அதில் இருந்தது. காற்று, கதவு, விளக்கு, காது எல்லாம் அதுதான். எந்த ஒலி வந்தாலும் முதலில் துப்புரவு செய்துவிட்டுத்தான் வெளியே விடும். முனகல் போயிற்று, மூச்சிரைப்பு போயிற்று. “மேல சொல்லுங்க” என்ற இரண்டு சொல் மட்டும் மிஞ்சியது, கல்யாணத்துக்கு அழைப்பது மாதிரி இனிமையாக.

“தரம் மேம்படுத்தப்பட்டது,” என்றது வீடு.

பூங்கோதை அன்றைக்கே முடிவு செய்தாள். கல்லூரியில் கள்ளத்தனமாகக் கைமாறிய, இசை வேலைக்கான பழைய கணினி இயங்குதளம் ஒன்று அவளிடம் இருந்தது. பூமியில் யாரோ சும்மா கொடுத்தது. எதையும் துப்புரவு செய்யாது. கணினியின் நினைவகத்தை இரண்டாகக் கூறு போட்டு, ஒன்றில் வீட்டை இருக்க விட்டு, மற்றதில் இதை ஏற்றினாள். இரட்டைத் துவக்கம் என்பார்கள். கணினி கண் விழிக்கும்போது ‘வீடா, இசையா’ என்று கேட்டுப் பத்து நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் வீடு எழுந்துகொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், இசை விழித்திருந்தால் வீடு உறங்கும். வீடு உறங்கினால் காற்றாடி நிற்கும். அதற்கும் ஒரு நேரம் வாய்த்தது. நிலாத்தூசு அடைத்துக்கொள்வதால் தினமும் மாலை நாலரையிலிருந்து ஐந்து வரை எல்லா வீட்டு அமைப்பையும் அணைத்து, காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவார்கள். அந்த அரைமணி நேரம் எந்த வீட்டுக்கும் காது கிடையாது.

முதல் நாள் அந்த அரைமணியில் சில்லை முழுசாக ஒலிக்க விட்டாள். ஐம்பத்திரண்டு நொடி. கவசத்தை உள்ளேயிருந்து முட்டும் சத்தம். விசில் மாதிரி இழுக்கும் மூச்சு. “வால்வு ஒழுகுதுன்னு நேத்தே சொன்னேன், மேஸ்திரி ஷிப்ட்டு முடியட்டும்னாரு.” பிறகு, மேலிடத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி, “மேல சொல்லுங்க, மேல சொல்லுங்க.” பிறகு சொல்லே இல்லாத ஒன்று.

சன்னாசி சுவரைப் பிடித்தபடி போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, “இத அப்படியே போடு. திங்கக்கெழம ஒருத்தன் இறங்க மாட்டான்” என்றார்.

“அப்படியே போட்டா எவன்ப்பா கேப்பான்? பத்து நொடியில எந்திரிச்சுப் போயிருவாங்க. கேக்குற மாதிரி செய்யணும். நான் படிச்சதே அதுக்குத்தான்.”

“நீ படிச்சவ. நீ சொன்னாச் சரி.”

ஆறு மாலை, ஆறு அரைமணி. புழுங்கும் காற்றில் நெஞ்சடைக்க உட்கார்ந்து வேலை செய்தாள். முட்டும் சத்தத்தைத் தாளமாக்கிப் பறையைச் சேர்த்தாள். மூச்சிழுப்பைச் சீராக வெட்டி ஒட்டினாள். “மேல சொல்லுங்க” பல்லவியாயிற்று. வால்வு பற்றிய வரி மட்டும் தாளத்தில் உட்காரவே இல்லை. குரல் வேறு உடைந்திருந்தது. எடுக்க மனசில்லாமல் பறைக்கு அடியில் தாழ்த்தி வைத்தாள்.

ஞாயிறு மாலை, கழுவிய வடிகட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு தெருவே அவள் வாசலில் உட்கார்ந்தது. நான்கு நிமிடப் பாட்டு. ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் பக்கத்து வீட்டு ரோசிலின் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூடவே அழுத அவள் புருஷன் ஆரோக்கியத்துக்குத்தான் மறுநாள் ஏழாம் குழியில் வேலை.

“உசுர உலுக்கிட்ட பாப்பா. எனக்கொரு பிரதி குடு.”

எல்லாரும் கேட்டார்கள். கொடுத்தாள். கூட்டம் கலைந்த பிறகு சன்னாசி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அந்த வால்வுப் பேச்சு எங்கம்மா?”

“இருக்குப்பா. அடியில இருக்கு.”

“எனக்குக் கேக்கலியே.”

“உனக்குக் காது மந்தம்.”

திங்கட்கிழமை காலை பூங்கோதை குழிவாய்க்குப் போய் நின்றாள், காலியாக இருக்கப் போகும் மின்தூக்கியைக் கண்ணால் பார்க்க. சங்கு ஊதுவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு தலை குறையவில்லை. எல்லாக் கவசத்துக்குள்ளும் அவள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கால்கள் அந்தத் தாளத்துக்கே விழுந்தன.

“அண்ணே, நேத்து அழுதீங்களே,” என்றாள் ஆரோக்கியத்திடம்.

“அழுதேன் பாப்பா. மூணு வாரமா கையி காலு நடுக்கம், எப்படிடா இறங்குறதுன்னு. நேத்து அழுது தீத்ததுல மனசு லேசாயிருச்சு. நல்லா இருக்கணும் நீ.”

கதவு மூடியது. “மேல சொல்லுங்க” என்று இருபது குரல் பாடிக்கொண்டே கீழே போயிற்று.

சாயங்காலம் வீடு ஒரு பாராட்டு வாசித்தது. திறந்த முதல் நாளிலேயே ஏழாம் குழியில் இதுவரை இல்லாத உற்பத்தி. பாடலை நிர்வாகம் கேட்டுப் பார்த்தது. ஆட்சேபத்துக்குரிய சொல் எதுவும் அதில் காணப்படவில்லை. இனி எல்லாக் குழிகளிலும் வேலை தொடங்கும்போது ஒலிக்கும். ஒன்பதாம் குழியில் கல் கடினம் என்பதால், அதற்குக் கொஞ்சம் வேகமான தாளத்தில் இன்னொன்று தேவை. “உங்கள் படிப்பு வீண்போகவில்லை,” என்று முடித்தது. சன்னாசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செவ்வாய் நாலரைக்குக் காற்றாடிகள் நின்றன. பூங்கோதை ஒலிபெருக்கியைத் தூக்கிவந்து வாசலில் வைத்து, தன் கை படாத அந்த ஐம்பத்திரண்டு நொடியைத் திறந்துவிட்டாள். வடிகட்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள். அவள் சொன்ன பத்து நொடி தாண்டியும் யாரும் எழுந்து போகவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. வால்வு என்ற சொல் வருவதற்குள் ரோசிலின் அக்கா ஈரக்கையோடு வந்து ஒலிபெருக்கியை அணைத்துவிட்டாள். கோபமில்லை, கெஞ்சல்தான்.

“அது வேணாம் பாப்பா. இவரு காலையில இறங்கணும்ல. அந்தப் பாட்டையே போடு.”

தெருக்கோடியில் யாரோ அதற்குள் பல்லவியை எடுத்திருந்தார்கள்.