விகுதி

அவள் டேப் பட்டனைத் தொடவே இல்லை. ஆனாலும் வரி கறுப்பாகியிருந்தது.

செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தப் பயிற்சி மையத்தில் எல்லா லேப்டாப்பிலும் கோட் எழுத உதவும் ஏஐ ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். நாம் ஒரு வரியைத் தொடங்கினால் போதும், மீதியை அது சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டும். சரியென்றால் டேப் பட்டனைத் தட்ட வேண்டும். சாம்பல் கறுப்பாகும், வரி நம்முடையதாகிவிடும். வேண்டாமென்றால் நம் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகலாம். முதல் வாரம் இதைப் பார்த்து அவள் வாயைப் பிளந்தாள். இப்போதோ பார்த்தாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

நூலகத்துக்கு ஒரு புரோகிராம் எழுத வேண்டும், அதுதான் பயிற்சி. ஒவ்வொரு படியையும் முதலில் தமிழில் ஒரு குறிப்பு வரியாக எழுதிவிட்டு, அதன் கீழே கோட் எழுதுவது அவள் வழக்கம். 'பழைய புத்தகத்தைத் திருப்பித் தராதவருக்குப் புதியது கொடு' வரைக்கும் தட்டினாள். 'க்காதே' என்று முடிக்க விரல் போவதற்குள் 'த்துவிடு' என்று வந்து, கறுப்பாகச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. கொடுத்துவிடு. அழித்தாள். மறுபடி தட்டினாள். கொடுத்துவிடு. மறுபடி அழித்தாள்.

"சனியனே, நான் சொல்ல வர்றதை முழுசா கேட்டா உனக்கு என்ன குறைஞ்சு போகும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

நாளைக் காலையில் தேர்வு. ஏஐ கிடையாது, வெறும் திரை, வெறும் கை. மருந்துக் கடையில் பில் போட்டுப் போட்டு, நின்று நின்று கால் வீங்கியது போதும், சொந்தமாகப் பத்து வரி எழுதக் கற்றுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போவோம் என்றுதான் இங்கே சேர்ந்தாள். மாதக்கணக்காக வந்ததில் அது எழுதுவதை வாசிக்கத் தெரிகிறது. எழுதத் தெரியவில்லை. இதற்கு வீட்டிலேயே குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

விளக்குப் போடும் நேரத்தில் வகுப்பு கலைந்தது. குடைகளை உதறிக்கொண்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள். வகுப்பு எடுக்கிறவன் அவளைவிடச் சின்னவன். பையை மாட்டிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தான்.

"அக்கா, நாளைக்கு எக்ஸாம். கொஞ்ச நேரம் இருந்து இதை முடிச்சிட்டுப் போறீங்களா? சாவியைக் கீழ கடையில குடுத்துட்டா போதும்."

வீட்டில் எட்டு வயது மகள் தனியாக இருந்தாள். கணவன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். இருக்க முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"இருக்கேன் தம்பி," என்றாள்.

அவன் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டான். அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முடியாது என்றுதானே நினைத்தேன்? சரி, அசதி, நாக்குப் புரண்டுவிட்டது, சீக்கிரம் முடித்துவிட்டு ஓடுவோம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆள் போன அறையில், மற்ற லேப்டாப்புகளின் விசிறிகள் ஒவ்வொன்றாக மூச்சடங்குவதும், கீழே கடையிலிருந்து ஏறி வந்த புது ரப்பர் நாற்றம் ஈரக் குடைகள் விட்டுப்போன வாடையோடு கலப்பதும், ஜன்னல் கண்ணாடியில் வழிந்த மழையின் நிழல் வெள்ளைப் பலகையின் மேல் எதையோ எழுதி எழுதி அழிப்பதுபோல் நெளிந்துகொண்டிருப்பதும் இன்றைக்குத்தான் அவள் கவனத்தில் பட்டன. ஏஐயை அணைத்தாள். மறுபடி 'கொடு' என்று தட்டினாள். சாம்பல் எழுத்து வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

கொடு. அப்புறம்?

கூடாது என்று சொல்ல வேண்டும், அது தெரிகிறது. எந்த எழுத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் கூடாது என்று ஆகும்? பள்ளிக்கூடத்தில் சொல்லைப் பிரித்து எழுதச் சொல்வார்கள், பகுதி, விகுதி என்று. பகுதி இருந்தது. விகுதி இருந்த இடத்தை யாரோ ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார்கள். சற்றுமுன் வரை தெரிந்த ஒன்று. குழந்தை பேச ஆரம்பித்ததும் சொல்கிற ஒன்று. அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

எழுந்து போய் மார்க்கரைத் திறந்தாள். பலகையில் கையால் 'கொடு' என்று எழுதினாள். கை நிற்கவில்லை. கீச்சுக் கீச்சென்று 'த்துவிடு' என்று முடித்துவிட்டுத்தான் நின்றது. அவள் கையெழுத்துதான். கொஞ்சம் கூடுதல் அழகாக இருந்தது.

கைபேசி அடித்தது. மகள்.

"அம்மா, ஹோம்வொர்க் முடிச்சிட்டேன். டிவி போடட்டுமா?"

கேட்காமல் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டாள். தனியாக விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறதே என்று, எதுவானாலும் அம்மாவைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று இவள்தான் பழக்கி வைத்திருந்தாள். நாளைக்குப் பள்ளியிலும் பரீட்சை, டிவி கிடையாது.

"டிவி போடு," என்றாள்.

"நிஜமாவா?"

"நிஜமாதான் கண்ணு."

இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். அந்த 'போடு' அவள் வாயிலிருந்து வருவதற்கு அரை மூச்சு முன்னால் காதருகில் கேட்டது. அவள் குரலிலேயே கேட்டது. காலி நாற்காலிகளைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"நான் வர..."

வரேன், என்றது வாய்.

"எனக்கு வேண..."

வேணும்.

"நீ யாருன்னு எனக்குத் தெரி..."

தெரியும்.

பகுதி அவளுடையது. விகுதி அதனுடையது. எத்தனை நாளாக? படிக்காமலேயே டேப் பட்டனைத் தட்டினாளே, சரி, சரி, சரி என்று, அந்த முதல் வாரத்திலிருந்தா?

பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். சாவியை எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. படிக்கட்டில் விளக்கு இல்லை. தெருவில் இறங்கியதும் மழை முகத்தில் அறைந்தது. மூடிய கடைகளின் தகரக் கூரைகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்விட்டால் போதும். பிள்ளையைக் கட்டிக்கொண்டு, வாயே திறக்காமல் படுத்துவிட்டால் போதும்.

தெருக்கோடி விளக்கின் கீழ் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். குடை இல்லை. வலது தோளைச் சற்று இறக்கி, பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, வேகவேகமாக. உடுப்பு என்ன நிறமென்று மழையில் தெரியவில்லை. சாம்பலாகத் தெரிந்தது. இவள் நடக்க நினைத்த நடையை அவள் நடந்துகொண்டிருந்தாள். இவள் திரும்ப நினைத்த சந்தில் அவள் திரும்பினாள்.

இவள் ஓடினாள். சந்துக்குள் யாரும் இல்லை.

மறுபடி கைபேசி.

"அம்மா, யாரோ பெல் அடிக்கிறாங்க."

இவள் நின்றுவிட்டாள்.

"உன் குரல்லதான் கூப்பிடுறாங்க. சாவியை மறந்துட்டேன், வந்து திற கண்ணுங்கிறாங்க. நீ போன்ல இருக்க. அப்ப வெளிய யாரும்மா? திறக்கட்டுமா?"

வேண்டாம் பிள்ளே. வேண்டாம். நினைப்பு தொண்டை வரைக்கும் வந்தது. வார்த்தை வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரத்தம் கரித்தது. வாய் திறந்தால் போச்சு.

"அம்மா? சொல்லும்மா. தட்டிக்கிட்டே இருக்காங்க."

சட்டென்று மூளையில் பொறி தட்டியது. 'இல்லை' எதற்கு? 'கூடாது' எதற்கு? பூட்டு என்றால் போதுமே. பூட்டு. அதில் மறுப்பே கிடையாது. அவ்வளவுதான். கிடைத்துவிட்டது. இது என்னுடையது. நானே யோசித்தது.

"கண்ணு," என்றாள். "பூட்..."

காதருகில் அரை மூச்சு.

"...டைத் திற."

"சரிம்மா."

"ஏய்," என்று கத்தினாள். அடுத்தது வரவில்லை. ஓடினாள். கால் வழுக்கியது. முழங்கால் கல்லில் மோதியது. எழுந்தாள். கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

நாற்காலி இழுபட்டது. சின்னப் பாதங்கள். பூட்டு. தாழ்ப்பாள். கதவு.

"அம்மா," என்றாள் மகள். கைபேசியில் சொல்லவில்லை. தள்ளி, வேறு யாரையோ நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். அவள் குரலில் இருந்த பயம் போய்விட்டிருந்தது.

"எவ்வளவு நேரம்டி, தொப்பலா நனைஞ்சிட்டேன்," என்றது இவளுடைய குரல். "யார்கிட்ட பேசிட்டிருக்க? கொண்டா."

கை மாறியது. ஈரத் துணி உரசியது.

"யாருங்க பேசுறது?"

மழையில் நின்றுகொண்டு அவள் வாயைத் திறந்தாள்.

"நான்..." என்றாள்.

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தாள். சாம்பலும் வரவில்லை.

"யாரும்மா அது?" என்று மகள் கேட்பது கேட்டது.

"தெரியல கண்ணு," என்றது அந்தக் குரல். தடுமாறவே இல்லை. கதவு சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் உள்ளேயிருந்து விழுந்தது. "இனிமே யார் வந்து கூப்பிட்டாலும், அம்மான்னே சொன்னாலும், நீ கதவைத் திறக்காத."