தாய் தின்னாத குட்டிகள்

இதனால் சகலருக்கும் அறியத் தருவது: வட மாகாணக் குட்டியீனும் மீன் ஆய்வு நிலையத்தின் நிறுவுநரும், தலைவரும், பொருளாளரும், ஒரேயொரு அங்கத்தவருமாகிய உருத்திரபுரம் பிரசாந்தன் அவர்கள், தான் ஈன்ற குட்டிகளைத் தானே தின்னாத மொலி மீன் இனமொன்றை உலகில் முதன்முறையாகத் தமது இல்லத்தின் பின்னறையில் உருவாக்கியுள்ளார்.

அறிவித்தல் இன்னும் முகநூலில் ஏறவில்லை. ‘உலகில்’ என்று விடுவதா, ‘ஆசியாவில்’ என்று அடக்கமாகப் போடுவதா என்ற யோசனையில், பிரசாந்தன் கைபேசியும் கையுமாகத் தொட்டியின் முன்னே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். பின்னேரம். வெளியே சோளகக் காற்று வடலிப் பனைகளை உரசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தான்.

தாய் மீன் குட்டிகளைத் தின்னாதது உண்மை. ஆனால் தின்ன மனமில்லாத மீனாக அது நிற்கவில்லை. மூலைக் கண்ணாடியோடு உடம்பை ஒட்டி, செட்டைகளை மடக்கி, பூனை கையை உள்ளே விட்ட தொட்டியில் நிற்பது போல நின்றது. குட்டிகள் எதிர்ப்பக்கத்தில் நின்றன.

மொலி முட்டை இடுவதில்லை, குட்டி போடும். போட்ட கையோடு தாய் திரும்பிப் பார்க்கும். அசைவதெல்லாம் இரை என்று விழுங்கும். அதற்காகவே வளர்ப்பவர்கள் வயிறு பெருத்த மீனைத் துளை வைத்த சின்னப் பெட்டியில் விட்டுத் தொட்டிக்குள் தொங்கவிடுவார்கள். குட்டிகள் துளைவழியே நழுவித் தப்பிக்கொள்ளும். பிரசாந்தன் அந்தப் பெட்டியில் ‘மகப்பேற்று விடுதி. சத்தம் போடாதீர்’ என்று எழுதி ஒட்டியிருந்தான்.

அவன் மனைவி கலிஸ்ரா முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்த குடும்பத்துப் பெண். “கறிக்கும் உதவாத மீனுக்கு வார்ட்டோ?” என்று கேட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதும் ஒரு கை வயிற்றை விட்டு அகலவில்லை. அவளுக்கு ஏழாம் மாதம். கோயில், மாதா, ஆசுப்பத்திரி என்று வருசக்கணக்காய் அலைந்து, இனி இல்லை என்று இருவரும் மனதுக்குள் தனித்தனியே முடிவு கட்டிய பிறகு கிடைத்த பிள்ளை. நித்திரையில் எழும்பி அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பிரசாந்தன் பார்ப்பான். மீன் குட்டி போட்ட கதையை ஊர் முழுக்கப் பீற்றுகிறவன், இதை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

குழாய்த் தண்ணீரில் குளோரின், மீனுக்கு ஆகாது. ஆகவே பக்கத்து வெறும்வளவுக் கிணற்றில் அள்ளி, பின்னறை மூலையில் நின்ற பீப்பாய் அளவு நீலப் பரலை நிரப்பி, தெளியவிட்டுத்தான் தொட்டிக்கு ஊற்றுவான். சண்டை முடிந்து திரும்பி வந்த சனம் முதல் செய்த வேலை கிணறு இறைத்ததுதான். அடி தெரியுமட்டும் இறைத்து, கிடந்ததையெல்லாம் எடுத்து, சுண்ணாம்பு போட்டு, ஊறவிட்டு, திரும்பவும் இறைத்து. அதற்குப் பிறகுதான் வாயில் வைத்தார்கள். அந்த வளவுக்காரர் மட்டும் திரும்பி வரவில்லை. எங்கே என்று ஒருவரும் கேட்பதுமில்லை. கிணறு தகரம் மூடினபடி கிடந்தது.

முதல் வாளி அள்ளிய அன்றைக்கே எதிர்வீட்டு வீரகத்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, அது இறைக்காத கிணறு. இறைச்சுப்போட்டு அள்ளும்.”

“இறைச்சால் நுண்ணுயிர்ச் சமநிலை குலைஞ்சுபோம், அண்ணை. மீனுக்குத்தானே. நாங்களே குடிக்கப்போறம்?”

“மீன் குடிக்கும்தானே,” என்றுவிட்டு வீரகத்தி சைக்கிளில் ஏறினார்.

அந்தத் தண்ணீர் விட்ட பிறகு பிறந்த குட்டிகள்தான் இவை.

பிரசாந்தன் இரைத்தூளை விரலால் தூவினான். தூள் மிதந்தது, நனைந்தது, கீழே இறங்கியது. ஒரு குட்டியும் வரவில்லை. பிறந்த நாளிலிருந்தே அவை வரவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. சாகவுமில்லை, வளரவுமில்லை. எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து நின்றன. கண்ணாடியில் விரல் வைத்தான். மீன் வளர்ப்பவனுக்குத் தெரிந்த சுகம் அதுதான். விரல் போகுமிடமெல்லாம் குட்டிகள் கூடிவந்து கொத்தும். இவை திரும்பவில்லை. வலையை விட்டுக் கலைத்தான். கலைந்து, மறுபடி அதே பக்கம் திரும்பின. அந்தப் பக்கம் சுவர். சுவருக்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால், காற்றில் அடித்து அடித்து ஓய்கிற தகரம்.

கலிஸ்ரா தேத்தண்ணீர் கொண்டுவந்து யன்னல் திட்டில் வைத்தாள்.

“இஞ்சாருங்கோ, குழாய் இண்டைக்கும் வரேல்லை.”

“ம்.”

“எல்லாத்துக்கும் ம். நான் செத்துப்போனன் எண்டாலும் ம் தான்.”

“ம்,” என்றான் பிரசாந்தன், தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவள் குசினிக்குப் போய்விட்டாள். அவன் கோப்பையை எடுத்து, என்ன குடிக்கிறோம் என்ற நினைப்பில்லாமலே முழுவதும் குடித்து வைத்தான்.

பரலில் தண்ணீர் அரைவாசிக்குக் கீழே இறங்கியிருந்தது. இந்த மாதம் முழுக்க அவன் ஊற்றியதைவிட வேகமாகத்தான் இறங்குகிறது. ‘சோளக காலத்தில் ஆவியாதல்: ஓர் அவதானிப்பு’ என்று அடுத்த கட்டுரைக்குத் தலைப்புக்கூட வைத்திருந்தான்.

கரண்ட் போனது.

காற்றுப் பம்பின் இரைச்சல் நின்றதும், அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன: பரல் மூடியில் எங்கோ ஒரு சொட்டு, ஓட்டுக்குள் பல்லி, குசினியில் தண்ணீர் வார்க்கும் ஓசை, அப்பால் அந்தத் தகரம். மணம் ஒன்றும் வந்தது. மீன் வெடுக்கு அல்ல. நனைந்த உடுப்பை டிரங்குப் பெட்டியில் போட்டு வருசக்கணக்காய்ப் பூட்டிவைத்துத் திறந்தது போன்ற மணம். அது தொட்டியிலிருந்து வந்தது.

கைபேசி வெளிச்சத்தை மகப்பேற்று விடுதிக்குள் அடித்தான். உள்ளே மஞ்சள் மொலி ஒன்று நாளையோ இன்றோ என்று நின்றது. இந்த மீன்களுக்கு நாள் கிட்டினால் வயிற்றுத் தோல் கண்ணாடியாய் மெலியும்; உள்ளே சுருண்டிருக்கும் குட்டிகளின் கண்கள் எள்ளுப் போலத் தெரியும். ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே பார்க்கும், அள்ளிப்போட்ட எள்ளாய்க் கிடக்கும்.

இவை அப்படிக் கிடக்கவில்லை. எல்லாக் கண்களும் அவனைப் பார்த்தன.

வெளிச்சத்தை இடப்பக்கம் நகர்த்தினான். கண்கள் வந்தன. வலப்பக்கம். வந்தன. தாய் அசையவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது. தன் வயிற்றிடமிருந்து விலகி ஓட வழி தேடுகிற ஒன்றைப் போல.

பிறகு கண்கள் அவனை விட்டன. அவன் தோளுக்கு மேலால் பார்த்தன.

கீழே நின்ற குட்டிகளும் திரும்பின. கிணற்றுப் பக்கத்தை விட்டு. முதன்முறையாக. எல்லாம் சேர்ந்து நீந்தி வந்து முன் கண்ணாடியில் முட்டி நின்றன.

அவன் திரும்பினான்.

வாசலில் கலிஸ்ரா. கையில் செம்பு. அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து வாயைத் துடைத்தாள்.

“கிளினிக்கிலை நிறையக் குடிக்கச் சொன்னவை. குடிச்சாத்தான் இவன் அசையுறான்.”

“எந்தத் தண்ணி?”

“என்ன கேள்வி. பரல் தண்ணிதான். குழாய்த் தண்ணி நிண்டு ஒரு மாசமாச்சு. அள்ளட்டோ எண்டு கேட்டனான், ம் எண்டனீங்கள்.”

“கொதிக்க வைச்சனீரோ?”

“தேத்தண்ணிக்கு வைச்சன். குடிக்கிறதுக்கு என்னத்துக்கு? கண்ணாடி மாதிரித் தெளிஞ்சு கிடக்கு.” அவள் கிட்ட வந்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோசம். “இஞ்சை கையைத் தாருங்கோ. இப்பதான் அசையுறான்.”

அவன் கையை இழுக்கவில்லை. இழுக்க முடியவில்லை. அவள் அதைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

ஒரு உதையும் இல்லை. ஒரு சின்னக் காலும் இல்லை.

உள்ளங்கைக்குக் கீழே ஒரு கொத்து. பிறகு இன்னொன்று. பிறகு பல. மெல்ல மெல்ல, எல்லாப் பக்கத்திலிருந்தும், கூடி வந்தன.

கையை இடப்பக்கம் நகர்த்தினான்.

வந்தன.

“தெரியுதோ?” என்றாள் கலிஸ்ரா.

அவன் குடித்து வைத்த தேத்தண்ணீரில், இப்போதுதான் நாக்கில் உறைத்தது, சீனி கொஞ்சம் கூடிப்போயிருந்தது.