ரேகையில்லாத பெருவிரல்

கொச்சியில், கொச்சங்காடியில் எங்கள் அலுவலகம் இருக்கும் கட்டடத்தை யாரும் அலுவலகம் என்று சொல்லமாட்டார்கள். ஆட்டோக்காரரிடம் "சுக்கு குடோன்" என்றால்தான் வண்டி நகரும். சுக்கும் மிளகும் அங்கிருந்து போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வாடகை குறைவு என்பதால் அரசாங்கம் எடுத்து, நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து, வாசலில் "நுகர்வோர் நிதிப் புகார்த் தகவல் மையம்" என்று பலகை மாட்டியது. மழைக்காலத்தில் மட்டும் அந்தச் சுவர்கள் வேர்த்து, உள்ளே ஊறிக் கிடக்கும் சுக்கு வாசனையை வெளியே விடும். அன்றைக்கும் தோப்பும்படியில் பஸ் மாறி, முழங்கால்வரை நனைந்து உள்ளே நுழைந்தபோது அந்த வாசனைதான் முதலில் வந்தது.

அதோடு இன்னொரு வாசனையும் இருந்தது. ஐஸில் போட்ட செம்மீனின் வாசனை, இறால் வாசனை.

பக்கத்தில் மீன்கடை எதுவும் கிடையாது. மழைக்காற்றில் எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்து, துப்பட்டாவைப் பிழிந்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன்.

என் பெயர் சங்கரி. அப்பா சங்கிலிப்பாண்டி தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது கொச்சியில். தமிழ் பேசுகிறவர்களின் புகாரைக் கேட்டுப் பதிவு செய்வதற்காக என்னை ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள். கடன் கொடுத்த கம்பெனி ஏமாற்றிவிட்டது, கேட்காத இன்ஷூரன்ஸைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வருகிறவர்களிடம் விவரத்தை வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். கடைசியில் கைரேகை மெஷினில் பெருவிரலை வைக்கச் சொல்வேன். புகார் தீர்ந்ததும் அதே விரல் வந்து வைத்தால்தான் புகாரை மூட முடியும்.

ரேகை விழாதவர்களுக்குக் குரல். பின்கட்டில், முன்பு மிளகைப் பூட்டி வைத்திருந்த ஜன்னலில்லாத அறையில் ஒரு மைக் இருக்கிறது. அதன்முன் உட்கார்ந்து பெயரைச் சொல்லி, "என் புகார் தீர்ந்தது" என்று சொல்லவேண்டும். குரலை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி வரும் வரும் என்றார்கள், வரவில்லை. ஆகவே யார் போய்ச் சொன்னாலும் புகார் மூடிக்கொள்ளும். ஃபோன் எடுக்காதவர்கள், ஊர் மாறிப்போனவர்கள் எல்லோருக்கும் பதிலாக எங்கள் ஆட்களே உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவதுண்டு. இந்தத் திருட்டுத்தனத்துக்கு எங்கள் மேலாளர் ஸ்ரீநாத் வைத்திருந்த பெயர் "சின்ன சகாயம்". நான் ஒரு நாளும் அந்தச் சகாயத்தைச் செய்ததில்லை.

மூக்கம்மாள் என்ற அம்மா கோடையில் என்னிடம் வந்திருந்தாள். கறுத்த, ஒல்லியான உடம்பு. நாற்காலியின் நுனியில் உட்காராமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அதுவே பிடித்துப்போயிற்று. மெஷினில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். மெஷின் ஒவ்வொரு தடவையும் மலையாளத்தில் ஒரே பாட்டைப் பாடியது.

"வ்யக்தமல்ல. வீண்டும் வைக்குக."

தெளிவில்லை, மறுபடி வையுங்கள் என்று அர்த்தம்.

"எடுக்காது தாயி," என்றாள் மூக்கம்மாள். "செம்மீன் ஷெட்டுல உரிச்சு உரிச்சு, ஐஸுத் தண்ணியிலயே கெடந்து ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. ரேஷன் கடையிலயும் இதே கூத்துதான்."

கையை விரித்துக் காட்டினாள். பெருவிரல் முனை வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது.

அவளுடைய புகாரே அந்த விரல்தான். ஒரு கம்பெனியில் சின்னக் கடன் வாங்கி அடைத்து முடித்திருந்தாள். அதன்பிறகு அவள் வீட்டின்மேல் இன்னொரு பெரிய கடன் வாங்கியிருப்பதாகவும், மெஷினில் அவளே பெருவிரல் வைத்ததாகவும் கம்பெனி சொன்னது. வீட்டைப் பூட்டப் போவதாக ஆட்கள் வந்து மிரட்டினார்கள்.

"எந்த மெஷினும் எடுக்காத வெரலு," என்றாள். "அவன் மெஷினு மட்டும் எப்படி எடுத்துச்சுன்னு கேளு. நான் வந்து கைய நீட்டுறேன். பாத்துட்டு அவன் பதில் சொல்லட்டும்."

இதைவிட நேரான கேள்வியை நான் அந்த மேஜையில் கேட்டதில்லை. புகார் மூடும்வரை வீட்டைத் தொடக்கூடாது என்று கம்பெனிக்குத் தடை உத்தரவு போயிற்று. விசாரணைக்கு நாளும் குறித்தார்கள். கிளம்பும்போது அவள் திரும்பி நின்றாள்.

"தாயி, நான் என் வாயால தீந்துச்சுன்னு சொல்லாம இத யாரும் மூட முடியாதுல்ல?"

"முடியாதும்மா."

"தீந்தாதான் சொல்லுவேன்," என்றுவிட்டுப் போனாள்.

விசாரணைக்கு முன்பே, செம்மீன் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் ஐஸ் தொட்டியின்மேல் சாய்ந்து விழுந்து இறந்துபோனாள். அவளுடைய ஒரே மகள் ரோஜா வந்துதான் சொன்னாள். அழுது வற்றிப்போன முகம்.

"அம்மா கையத்தான் காட்டணும்னு சொல்லிட்டிருந்தாங்கக்கா. அந்தக் கைய எரிச்சாச்சே," என்றாள். "இனி அவங்க சொல்றதுதானே நெசம்?"

புகார் திறந்துதான் இருக்கிறது, திறந்திருக்கும்வரை வீடு உன்னுடையது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்தப் புகாரைத்தான் அன்றைக்கு ஸ்ரீநாத் சார் மூடச் சொன்னார். அவர் தலைமுறை தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பேச்சில் மலையாளம் கலந்து வரும். குரலை உயர்த்தவே மாட்டார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிதான் பேசுவார்.

"சங்கரி, நாளைக்குத் திருவனந்தபுரத்துலேர்ந்து மேடம் வரா. பழைய கேஸ் ஒண்ணும் பாக்கி இருக்கப்படாது. அந்த மூக்கம்மாள் கேஸை முடிச்சுடு, கேட்டயா."

"அவங்க செத்துட்டாங்க சார்."

"அதான் பறயறேன். செத்தவாளுக்கு என்ன புகார்? உள்ளே போய் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வா. உன் பேச்சும் அவா பேச்சும் ஒண்ணுபோலத்தானே."

எனக்கு உள்ளங்கால்வரை எரிந்தது. "மூடினா நாளைக்கே கம்பெனிக்காரன் வந்து பூட்டுவான். அந்தப் பொண்ணு தெருவுல நிக்கும். நான் சொல்லமாட்டேன் சார்."

"உன் கான்ட்ராக்ட் இந்த மாசம் புதுக்கணும். ஓர்மை இருக்கட்டும்."

"இருக்கு சார். சொல்லமாட்டேன்."

அவர் சிரித்தார். பக்கத்து மேஜையில் இருந்த ஸுப்ரியாவைப் பார்த்தார். பாலக்காட்டிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த பெண். யாருக்கும் மறுப்புச் சொல்லிப் பழக்கமில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மதியம்தான். ஆனாலும் மழை மேகம் இறங்கி, குடோனுக்குள் விளக்கு போட்டும் இருட்டு விலகவில்லை. ஓடுகளின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. செம்மீன் வாசனை இப்போது என் மேஜைக்கே வந்துவிட்டது.

பின்கட்டு அறையின் கதவு சாத்திக்கொண்டது. பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. ஸுப்ரியா முந்தானையால் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"உள்ளே என்ன இப்படிக் குளிர்றது," என்றாள்.

ஸ்ரீநாத் சார் பதிவைப் போட்டுக் கேட்டார். ஸுப்ரியாவின் மெல்லிய குரல் வந்தது.

"என் பேரு மூக்கம்மாள். என் புகார்..."

ஐஸ் கட்டிகளை யாரோ கையால் அளைகிற சத்தம்.

"தீரல."

அது ஸுப்ரியாவின் குரல் இல்லை.

"நான் தீர்ந்ததுன்னுதான் சொன்னேன் சார்," என்றாள் அவள்.

"பழைய பதிவு கலந்திருக்கும்," என்றார் அவர். மறுபடி அனுப்பினார். அவள் போனாள். மறுபடியும் அதே இடத்தில், ஐஸ் சத்தத்துக்குப் பிறகு, அதே வார்த்தை வந்தது. இந்தத் தடவை மைக்கில் உதடு படுகிற அளவுக்குப் பக்கத்தில்.

ஸுப்ரியா தன் கைகளைப் பார்த்தாள். விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கி, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறினவை மாதிரி இருந்தன. என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடறேளா," என்று சொல்லிவிட்டு ஸ்ரீநாத் சாரே உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அணையவே இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. மறுபடி மறுபடி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தீரல. தீரல. தீரல."

நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அவர் என்னை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"என் விரலைப் பிடிச்சுண்டிருந்தா," என்று கிசுகிசுத்தார். "விடமாட்டேன்னுட்டா." குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அது சந்தோஷம். இந்த மேஜையில் எத்தனை பேர் அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள், எத்தனை பேருடைய வாயை நாங்களே மூடியிருக்கிறோம். ஒருத்தி மூடமாட்டேன் என்கிறாள். அவளைத் தனியாக விடக்கூடாது என்று தோன்றியது. நான் உள்ளே போனேன்.

தரையெல்லாம் ஈரம். மூச்சு விட்டால் புகை வந்தது. நாற்காலியில் உட்காரவில்லை, அதில் இடம் இல்லை என்று ஏனோ பட்டது.

"அம்மா, சங்கரி பேசுறேன்."

நெடுநேரம் மழைச் சத்தம் மட்டும்தான். பிறகு, என் காதுக்குக் கீழே, குளிர்ந்த மூச்சு பட்டது.

"நான் சொல்லாம மூட முடியாதுன்னு சொன்னியே தாயி."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். யாரு வந்தாலும் மூட விடமாட்டேன்."

"கை வேணுமாமே."

"ஆமாம்மா. அந்தக் கைதான் வேணும்."

மூச்சு விலகியது. அறையில் குளிர் குறைந்தது. வெளியே, ஆளில்லாத என் மேஜையிலிருந்து, மெஷின் பேசியது.

"வ்யக்தமல்ல. வீண்டும் வைக்குக."

ஸுப்ரியா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். மெஷினின் கண்ணாடிமேல் தண்ணீர் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் திரையில், மூக்கம்மாளின் புகார் எண்ணுக்கு நேராக ஒரு பெருவிரல் பதிவு. முட்டை வடிவத்தில், வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல்.

மறுநாள் தலைமை அலுவலகத்து மேடம் வந்தார். பெயர் அனந்தலக்ஷ்மி, சிரிக்காத முகம். ஸ்ரீநாத் சார் வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு முன்னதாகவே வந்து, மெஷினின் வயரைப் பிடுங்கி, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்.

"இந்த ஒண்ணு மட்டும் ஏன் பாக்கி?" என்று மேடம் கேட்டார்.

"இன்னிக்கு மூடிடலாம் மேடம்," என்றார் அவர்.

நான் எழுந்து நின்றேன். "மூட முடியாது மேடம். அவங்க இன்னும் தீர்ந்ததுன்னு சொல்லல."

"அவா மரிச்சாச்சு மேடம்," என்றார் ஸ்ரீநாத் சார்.

துண்டுக்கு அடியிலிருந்து மெஷின் பேசியது.

"வ்யக்தமல்ல. வீண்டும் வைக்குக."

மேடம் துண்டை எடுத்தார். தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக அந்த வழவழப்பான விரல் பதிந்துகொண்டே போனது.

"இது யாரோட விரல்?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"எந்த மெஷினும் எடுக்காத விரல் மேடம். கம்பெனி மெஷின் மட்டும் எடுத்துச்சாம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்தப் பதிவுகள் அத்தனையையும் விசாரணைக்கு அனுப்பச் சொன்னார். கம்பெனி எடுத்ததாகச் சொல்லும் ரேகையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டட்டும் என்று அவரே உத்தரவு எழுதினார். அதுவரை புகாரை யாரும் தொடக்கூடாது என்றார்.

கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை. ரோஜா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஸ்ரீநாத் சார் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு எர்ணாகுளத்துக்குப் போய்விட்டார். என் ஒப்பந்தத்தை மேடமே புதுப்பித்தார். "சின்ன சகாயம்" செய்ய இப்போது பின்கட்டுக்கு யாரும் போவதில்லை.

பழைய மெஷினைப் பழுது என்று எடுத்துக்கொண்டு போனார்கள். போன வாரம் புதியது வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்காமல் பெட்டியோடு மேஜையில் வைத்தேன். மாலையில் நானும் ஸுப்ரியாவும் கதவைச் சாத்தக் கிளம்பியபோது செம்மீன் வாசனை வந்தது. பெட்டியின் ஒரு மூலை ஈரமாகி, தண்ணீர் மேஜைமேல் மெல்ல ஓடியது.

உள்ளிருந்து சத்தம் வந்தது.

"வ்யக்தமல்ல. வீண்டும் வைக்குக."

ஸுப்ரியா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் பெட்டியின் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"வைங்கம்மா," என்றேன். "தீர்ற வரைக்கும் வைங்க."